வாசலில் ஒரு பச்சைச் சொட்டு... வாட்டர் பம்பை வீட்டிலேயே மாற்றலாம்!

'பத்து வருஷப் பழைய பிக்கப் வண்டி வைத்திருக்கிறேன். இரண்டு நாளைக்கு ஒரு முறை ரேடியேட்டரில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கிறது. ஊற்றினால் வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது. இப்படியே ஓட்டலாமா, இல்லை செலவு செய்துதான் ஆக வேண்டுமா?'

தேனி மாவட்ட வாசகர் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. ஒரே வரியில் பதில் சொல்வதென்றால், ஓட்டக் கூடாது. ஆனால், இதே கேள்வியை மூன்று வருஷத்துக்கு முன்பு எனக்கு நானே கேட்டுக்கொண்டு, 'ஓட்டலாம்' என்று பதிலும் சொல்லிக்கொண்டு, அதற்காக வீட்டு நகையை அடகு வைத்தவன் நான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

3 கிலோமீட்டருக்காகப் போன 41,000 ரூபாய்

ஒட்டன்சத்திரம் பக்கத்தில் எங்களுக்கு மூன்றரை ஏக்கர். தக்காளி, முருங்கை, கொஞ்சம் அவரை. காய் பறித்தால் அன்றைக்கே மார்க்கெட் போய்ச் சேர வேண்டும். கேரளாவுக்கு லோடு ஏற்றும் வியாபாரிகள் நமக்காகக் காத்திருக்க மாட்டார்கள். வாடகை வண்டிக்குக் கொடுத்துக் கட்டுப்படியாகவில்லை என்றுதான் பழைய பிக்கப் ஒன்றை வாங்கினோம்.

வாங்கிய இரண்டாவது வருஷம் ரேடியேட்டரில் தண்ணீர் குறைய ஆரம்பித்தது. வண்டியிலேயே ஒரு ஐந்து லிட்டர் கேன் வைத்துக்கொண்டு, போர் தண்ணீரை ஊற்றி ஊற்றி ஓட்டினேன். ஒரு நாள் தக்காளிப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு மேடு ஏறும்போது டெம்பரேச்சர் முள் சிவப்புக்குப் போய்விட்டது. மார்க்கெட்டுக்கு இன்னும் 3 கிலோமீட்டர்தான். 'போய்ச் சேர்ந்துவிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்' என்று மிதித்தேன். போய்ச் சேரவில்லை. வழியிலேயே ஆவி பறக்க வண்டி நின்றது. தக்காளியை வேறு வண்டிக்கு மாற்றிக் கொண்டுபோனபோது ஏலம் முடிந்திருந்தது.

சிலிண்டர் ஹெட் சூட்டில் வளைந்து, ஹெட் கேஸ்கெட் போயிருந்தது. ஹெட்டை லேத்தில் கொடுத்து மட்டப்படுத்தி, கேஸ்கெட் மாற்றி, ஆயில் மாற்றி, எல்லாம் சேர்த்து 41,000 ரூபாய். அத்தனைக்கும் காரணம், சீல் தேய்ந்துபோன ஒரு வாட்டர் பம்ப். மெக்கானிக் அண்ணன் அந்தப் பம்பை என் கையில் கொடுத்து, "தம்பி, இது ஆறு மாசமா உங்களுக்குச் சொல்லிக்கிட்டே இருந்திருக்கு. நீங்கதான் தண்ணியக் குடுத்து அதோட வாய அடைச்சிருக்கீங்க" என்றார்.

இந்த முறை வாசலே காட்டிக்கொடுத்தது

போன வருஷம் ஆயுத பூஜைக்கு முந்தின வாரம். காலையில் வாசல் தெளிக்கப் போன மனைவி கூப்பிட்டார். "ஏங்க, இங்க வந்து பாருங்க. வண்டி நின்ன எடத்துல பச்சையா என்னமோ சொட்டியிருக்கு." பழைய அனுபவத்துக்குப் பிறகு ரேடியேட்டருக்குப் பச்சை நிறக் கூலன்ட் ஊற்றுவதால்தான் அது கண்ணில் பட்டது. வெறும் தண்ணீராக இருந்தால் காய்ந்துபோயிருக்கும், தெரிந்திருக்காது.

அது சனிக்கிழமை. செவ்வாய்க்கிழமை தக்காளி மூன்றாம் பறிப்பு. மெக்கானிக் அண்ணனுக்குப் போன் போட்டால், "பூஜை நேரம் தம்பி, கடையில நிக்க எடமில்லாம வண்டி நிக்குது. வியாழக்கிழமை கொண்டாங்க" என்றார். பிறகு அவரே, "உங்க வண்டியில பம்பு முன்னாடிதானே இருக்கு? வீட்லயே மாத்தலாம். பொறுமை இல்லாதவனுக்குத்தான் அது பெரிய வேலை. சந்தேகம்னா போன் பண்ணுங்க" என்று தைரியமும் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல நாங்கள் செய்ததைத்தான் இனி எழுதப்போகிறேன்.

பம்ப் என்ன செய்கிறது? ஏன் ஒழுகுகிறது?

இன்ஜினைச் சுற்றி ஓடி சூட்டை வாங்கிக்கொள்ளும் தண்ணீரை, ரேடியேட்டருக்கு அனுப்பி ஆறவைத்து, திரும்ப இன்ஜினுக்குள் தள்ளுவதுதான் வாட்டர் பம்பின் வேலை. ஃபேன் பெல்ட் புல்லியைச் சுழற்றும். புல்லியின் தண்டு முனையில் இருக்கும் விசிறி போன்ற சக்கரம் தண்ணீரைத் தள்ளும். தண்டு சுழல ஒரு பேரிங். தண்ணீர் பேரிங் பக்கம் வராமலிருக்க ஒரு சீல். சீலுக்குள் வழவழப்பான இரண்டு வளையங்கள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டே சுழலும். அவற்றுக்கு நடுவே இருக்கும் மெல்லிய தண்ணீர்ப் படலம்தான் எண்ணெய் மாதிரி அவற்றைக் காப்பாற்றுகிறது.

போர் தண்ணீரில் இருக்கும் உப்பும், உள்ளே உண்டாகும் துருவும் அந்த வழவழப்பைச் சுரண்டிவிடும். தண்ணீர் குறைந்து காய்ந்து ஓடினாலும் சீல் கருகிவிடும். அப்புறம் கசிவுதான்.

பம்பின் அடிப்பக்கத்தில் ஒரு சின்னத் துளை இருக்கும். சீலைத் தாண்டி வரும் தண்ணீர் பேரிங்குக்குப் போகாமல் வெளியே விழுவதற்காகக் கம்பெனியே வைத்த துளை அது. அதிலிருந்து சொட்டுகிறது என்றால் சீல் போய்விட்டது என்று பொருள். சிலர் அந்தத் துளையைப் பசை போட்டு அடைத்துவிடுகிறார்கள். அடைத்தால் தண்ணீர் பேரிங்குக்குள் போகும். பேரிங் உடைந்தால் ஃபேன் ஆடிப்போய் ரேடியேட்டரையே கிழித்துவிடும்.

பம்ப்தானா என்று முதலில் உறுதி செய்யுங்கள்

தண்ணீர் குறைந்தாலே பம்ப்தான் என்று முடிவுகட்டி விடாதீர்கள். ராத்திரி வண்டியை நிறுத்தும்போது இன்ஜினுக்கு அடியில் ஒரு பெரிய அட்டையை விரித்து வையுங்கள். காலையில் ஈரம் எங்கே விழுந்திருக்கிறதோ, அதற்கு நேர் மேலே டார்ச் அடித்துப் பாருங்கள். ஹோஸ் முனையிலா, ரேடியேட்டரின் அடியிலா, பம்பிலா என்று தெரிந்துவிடும். ஹோஸ் கிளிப் தளர்ந்திருந்தால் ஸ்க்ரூ டிரைவரோடு வேலை முடிந்தது.

இன்ஜினை அணைத்து, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, ஃபேனைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங் தேய்ந்திருக்கிறது. துளையைச் சுற்றி வெள்ளையாகவோ பச்சையாகவோ படிந்த கறையும், வண்டி ஓடும்போது முன்பக்கத்திலிருந்து வரும் 'கரகர' சத்தமும் இதற்கு அடையாளங்கள்.

வெளியே ஒரு சொட்டுகூட விழவில்லை, ஆனாலும் தண்ணீர் குறைகிறது என்றால் கவனம் தேவை. ஆயில் குச்சியை எடுத்துப் பாருங்கள். ஆயில் பால் கலந்த டீ மாதிரி இருந்தாலோ, சைலன்சரில் விடாமல் வெள்ளைப் புகை வந்தாலோ ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். அப்போது வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

எந்த வண்டிக்கு வீட்டில் கை வைக்கலாம்?

முன்னால் போனட் இருந்து, அதைத் திறந்தவுடன் ஃபேனுக்குப் பின்னால் பம்ப் கண்ணில் படும் பிக்கப், ஜீப், பெரும்பாலான டிராக்டர்கள் ஆகியவற்றில் செய்யலாம். 2005-ல் வந்த டாடா ஏஸ், அதாவது நம் ஊர் 'குட்டி யானை'யில், இன்ஜின் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. கை நுழைப்பதே சிரமம். பழகியவர் பக்கத்தில் இல்லாமல் இறங்க வேண்டாம்.

சில இன்ஜின்களில் உள்ளே இருக்கும் டைமிங் பெல்ட்தான் பம்பைச் சுழற்றும். அதைக் கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டினாலும் இன்ஜினுக்கே ஆபத்து. அது ஒர்க் ஷாப் வேலை. வாரன்டி முடியாத வண்டி என்றாலும் கம்பெனி சர்வீஸுக்கே விடுங்கள்.

வேலையைத் தொடங்கும் முன்...

பழைய பம்பின் போட்டோ, வண்டியின் மாடல், வருஷம், இன்ஜின் நம்பர் ஆகியவற்றோடு ஸ்பேர்ஸ் கடைக்குப் போங்கள். ஒரே பெயரில் வரும் வண்டியிலேயே வருஷத்துக்கு வருஷம் பம்ப் மாறும். பம்போடு அதற்கான பேக்கிங்கும் வர வேண்டும். ஃபேன் பெல்ட்டில் வெடிப்பு இருந்தாலோ, ஹோஸ் அழுத்தினால் மொறுமொறு என்றிருந்தாலோ அவற்றையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள். இன்னொரு முறை கழற்றும் வேலை மிச்சம்.

10, 12, 13 எம்.எம் ரிங் ஸ்பேனரும் பாக்ஸ் ஸ்பேனரும், ஸ்க்ரூ டிரைவர், கட்டிங் பிளேயர், மரச்சுத்தி, பழைய துணி, சுத்தமான பெரிய பேசின் ஆகியவை போதும்.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, டயருக்குக் கட்டை வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள். பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றிவிடுங்கள். கரன்ட்டில் ஓடும் ஃபேன் உள்ள வண்டிகளில், சாவி இல்லாமலே ஃபேன் திடீரென்று சுற்றி விரலை எடுத்துவிடும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், இன்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். சூடான ரேடியேட்டருக்குள் தண்ணீர் நூறு டிகிரிக்கு மேலே போயும், மூடியின் அழுத்தத்தால்தான் கொதிக்காமல் அடங்கி இருக்கிறது. மூடியைத் திருகிய நொடியில் அது கொதித்து முகத்தில் பீய்ச்சும். ராத்திரி நிறுத்திய வண்டியில் காலையில் வேலை செய்வதே நல்லது.

கழற்றும் வேலை

ஞாயிற்றுக்கிழமை காலை 8 மணிக்கு ஆரம்பித்தோம். பத்தாவது படிக்கும் மகள் செல்போனோடு நின்றாள். ஒவ்வொன்றையும் கழற்றும் முன் ஒரு போட்டோ. சாயங்காலம் 'இந்த வயர் எங்கே போச்சு?' என்று விழிக்காமல் இருக்க இதைவிட நல்ல வழி இல்லை.

1. ரேடியேட்டர் அடியில் உள்ள டிரெயின் திருகைத் திறந்து, அது இல்லாவிட்டால் அடி ஹோஸைக் கழற்றி, கூலன்ட்டைப் பேசினில் பிடியுங்கள். எவ்வளவு வந்தது என்று அளந்து எழுதி வையுங்கள்.

2. ஃபேன் கவரைக் கழற்றுங்கள். ஃபேனின் போல்ட்டுகளைப் பெல்ட் மாட்டியிருக்கும்போதே தளர்த்திவிடுங்கள். பெல்ட்டை முதலில் எடுத்துவிட்டால் ஸ்பேனரைத் திருப்பும் பக்கமெல்லாம் புல்லியும் சேர்ந்து சுற்றும். சில வண்டிகளில் ஃபேன் ஒரே பெரிய நட்டில் இருக்கும். அது எதிர்ப்பக்கம் திரும்பும் மரையாகவும் இருக்கலாம். வராவிட்டால் பலத்தைக் காட்டாமல் விசாரியுங்கள்.

3. டைனமோவின் போல்ட்டுகளைத் தளர்த்தி உள்பக்கம் தள்ளினால் பெல்ட் கழன்றுவிடும். பிறகு ஃபேனையும் புல்லியையும் எடுங்கள்.

4. ஹோஸ் கிளிப்பைத் தளர்த்தி, ஹோஸை இடம் வலமாகத் திருகி உருவுங்கள். நேராக இழுத்தால் ரேடியேட்டர் குழாய் உடையும்.

5. பம்பின் போல்ட்டுகள் எல்லாம் ஒரே நீளம் இல்லை. இங்கேதான் நிறையப் பேர் கோட்டைவிடுவார்கள். ஒரு அட்டையில் பம்பின் படத்தை வரைந்து, எந்த இடத்துப் போல்ட்டோ அந்த இடத்தில் குத்தி வையுங்கள். நீளமான போல்ட்டைக் குட்டையான துளையில் முறுக்கினால் இன்ஜின் பிளாக்கே விரிசல் விடலாம். எங்கள் வீட்டில் அட்டைப் படம் மகளின் வேலை.

6. போல்ட் இறுகிப்போயிருந்தால் துருநீக்கி எண்ணெய் விட்டு அரை மணி நேரம் காத்திருங்கள். உடைந்த போல்ட்டை எடுப்பது, பம்ப் மாற்றுவதைவிடப் பெரிய வேலை.

7. பம்ப் ஒட்டிக்கொண்டு வராவிட்டால் மரச்சுத்தியால் பக்கவாட்டில் மெல்லத் தட்டுங்கள். இடுக்கில் ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பினால் முகப்பில் தழும்பு விழும். பிறகு புதுப் பம்ப் போட்டாலும் ஒழுகும்.

நான் செய்த தவறு

பழைய பம்பும் புதுப் பம்பும் பக்கத்தில் பக்கத்தில். போல்ட் துளைகள், தண்டின் உயரம், உள்ளே இருக்கும் சக்கரம் மூன்றும் ஒத்துப்போகிறதா என்று பார்த்தோம். கையால் சுற்றினால் சத்தமில்லாமல் சுழல வேண்டும்.

அடுத்து, இன்ஜின் முகப்பில் ஒட்டியிருக்கும் பழைய பேக்கிங்கைச் சுரண்டி எடுக்க வேண்டும். துளைக்குள் துணியைத் திணித்துவிட்டால் தூள் உள்ளே விழாது. கூர் மழுங்கிய பிளேடால் படுக்கவைத்துச் சுரண்ட வேண்டும். சொரசொரப்பான உப்புத்தாள் போடக் கூடாது. மேல்பக்கமும் இரு பக்கமும் நன்றாகச் சுரண்டினேன். அடிப்பக்கம் கண்ணுக்குத் தெரியவில்லை. விரலால் தடவிப் பார்க்காமல், 'அதான் பசை போடுறோமே' என்று தாராளமாகப் பசையைப் பூசி மாட்டிவிட்டேன். மத்தியானம் வண்டியை ஸ்டார்ட் செய்து கால் மணி நேரத்தில் அதே இடத்தில் சொட்டு.

போனில் அண்ணன் கேட்டது ஒரே கேள்வி. "அடியில தொட்டுப் பாத்தீங்களா?"

மறுநாள் காலையில் திரும்பக் கழற்றினால், நகக்கண் அளவுக்குப் பழைய பேக்கிங் துண்டு ஒன்று அடியில் ஒட்டியிருந்தது. 40 ரூபாய்க்குப் புதுப் பேக்கிங் வாங்கி, சின்னக் கண்ணாடி வைத்துப் பார்த்து, விரலால் தடவி, சுத்தம் செய்து மாட்டினோம். அதோடு சரி. அதிகப் பசையும் ஆபத்துதான். பிதுங்கி உள்ளே விழுந்தால் ரேடியேட்டரின் நுண்ணிய குழாய்களை அடைத்துவிடும். மேனுவலில் சொல்லியிருந்தால் மட்டும் மெல்லிசாகப் பூசுங்கள்.

மாட்டும் வேலை

எல்லாப் போல்ட்டையும் முதலில் கையால் திருகுங்கள். பிறகு எதிரெதிர் மூலையாக, இரண்டு சுற்றில் முறுக்குங்கள். ஒரு பக்கத்தை முழுக்க இறுக்கிவிட்டு அடுத்த பக்கம் போகக் கூடாது. எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதை மேனுவலில் போட்டிருக்கும் அளவுப்படி, டார்க் ரென்ச் கிடைத்தால் அதை வைத்துச் செய்யுங்கள். கிடைக்காவிட்டால் குட்டை ஸ்பேனரில் ஒரு கையின் பலம் போதும். ஸ்பேனருக்குப் பைப் மாட்டி முறுக்கினால் மரை போய்விடும்.

புல்லி, ஃபேன், பெல்ட், ஹோஸ் என்று கழற்றிய வரிசைக்கு நேர்மாறாக மாட்டுங்கள். பெல்ட்டின் நீளமான பகுதியின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் சுமார் 10 மில்லிமீட்டர் அமுங்க வேண்டும். தளர்ந்தால் பம்ப் சரியாகச் சுழலாது. விறைப்பாக இருந்தால் புதுப் பேரிங் சீக்கிரமே போய்விடும். ஃபேன் போல்ட்டுகளை பெல்ட் மாட்டிய பிறகு மறக்காமல் முழுதாக இறுக்குங்கள்.

பிறகு கூலன்ட். கெட்டியான கூலன்ட் என்றால் பாதிக்குப் பாதி பேட்டரிக்கு ஊற்றும் சுத்தத் தண்ணீர் கலந்துகொள்ளுங்கள். 'ரெடி மிக்ஸ்' என்று போட்டிருந்தால் தண்ணீரே சேர்க்கக் கூடாது. நிதானமாக ஊற்றுங்கள், அவசரப்பட்டால் உள்ளே காற்று தங்கிவிடும். பேட்டரி வயரை மாட்டி, ஆறிய இன்ஜினை மூடி திறந்த நிலையில் ஸ்டார்ட் செய்து, ஆக்ஸிலரேட்டர் மிதிக்காமல் விடுங்கள். குமிழி வர வர மட்டம் இறங்கும், நிரப்பிக்கொண்டே வாருங்கள். இன்ஜின் சூடாகித் தெர்மோஸ்டாட் திறக்கும்போது மேல் ஹோஸ் சூடேறும். குமிழி நின்றதும் மூடியைப் போட்டுவிடுங்கள். தெர்மோஸ்டாட் திறக்கும் நேரத்தில் தண்ணீர் திடீரென்று பொங்கலாம். முகத்தைத் தள்ளியே வைத்திருங்கள். துண்டு, துப்பட்டா, சேலை முந்தானை எதுவும் ஃபேன் பக்கம் போகக் கூடாது.

எவ்வளவு எடுத்தீர்களோ கிட்டத்தட்ட அவ்வளவு உள்ளே போயிருக்க வேண்டும். ரொம்பக் குறைவாகப் போயிருந்தால் காற்று அடைத்திருக்கிறது. முதலில் லோடு இல்லாமல் ஊருக்குள் ஒரு சுற்று. மறுநாள் காலையில் இன்ஜின் ஆறியதும் மட்டம் பாருங்கள். ஒரு வாரம் கழித்துப் பெல்ட்டையும் பாருங்கள். புதுப் பெல்ட் கொஞ்சம் தளரும்.

பச்சைத் தண்ணீர் விஷம்... ஆடு மாடு பத்திரம்!

கூலன்ட்டில் இருப்பது எத்திலீன் கிளைக்கால். இனிப்புச் சுவை உள்ளது. கீழே சிந்தினால் நாய், பூனை, கோழி, ஆட்டுக்குட்டி எல்லாம் நக்கும். கொஞ்சம் உள்ளே போனாலும் சிறுநீரகம் கெட்டு உயிரே போய்விடும். குழந்தைகளுக்கும் அதே ஆபத்துதான்.

எனவே வேலை முடியும்வரை நாயைக் கட்டிப்போடுங்கள். ஆடுகளைத் தள்ளிக் கட்டுங்கள். பேசினைத் திறந்துபோட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். சிந்திய இடத்தில் மண்ணைப் போட்டு உறிஞ்சவைத்து அள்ளிவிட்டு, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். பழைய கூலன்ட்டைக் கிணற்றோரமோ வாய்க்காலிலோ கொட்டாமல், கேனில் மூடி, 'விஷம்' என்று எழுதி, பழைய கூலன்ட் எடுத்துக்கொள்ளும் ஒர்க் ஷாப்பில் கொடுங்கள். குடிதண்ணீர் பாட்டிலிலோ ஜூஸ் பாட்டிலிலோ ஊற்றி வைக்கவே கூடாது.

கால்நடை குடித்துவிட்டது என்று சந்தேகம் வந்தாலே மருத்துவரைக் கூப்பிடுங்கள். 1962-க்கு அழைத்தால் கால்நடை ஆம்புலன்ஸ் உதவி கிடைக்கும். குழந்தை குடித்துவிட்டால் அறிகுறி தெரியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

ஆன செலவு

பம்ப் 1,850 ரூபாய், பெல்ட் 420, அடி ஹோஸ் 380, கிளிப் இரண்டு 60, கெட்டிக் கூலன்ட் நான்கு லிட்டர் 1,100, பேட்டரித் தண்ணீர் 100, என் அவசரத்துக்கு அபராதமாக இன்னொரு பேக்கிங் 40. ஆக மொத்தம் 3,950 ரூபாய். இது எங்கள் வண்டிக் கணக்கு. உங்கள் வண்டிக்கு மாறும். ஆனால், மூன்று வருஷத்துக்கு முன்பு கொடுத்த 41,000 ரூபாயில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

செவ்வாய்க்கிழமை தக்காளி ஏற்றிக்கொண்டு அதே மேட்டில் ஏறினேன். கண் ரோட்டில் இருந்ததைவிட மீட்டரில்தான் அதிகம் இருந்தது. முள் நடுவைத் தாண்டவில்லை. ஏலத்துக்கு நேரத்தோடு போய்ச் சேர்ந்தோம். மறுநாள் விடிந்ததும் மனைவி வாசலைப் பார்த்துவிட்டு, "காஞ்சு கெடக்குங்க" என்றார். இப்போதெல்லாம் வண்டியை எடுப்பதற்கு முன் நானும் ஒரு முறை தரையைக் குனிந்து பார்த்துவிட்டுத்தான் ஏறுகிறேன்.

தேனி வாசகரே, உங்கள் வண்டிக்கும் அதைத்தான் சொல்கிறேன். தண்ணீர்க் கேனைத் தூக்கும் முன் இன்று ராத்திரி ஒரு அட்டையை விரித்து வையுங்கள்.

வாசகர்கள் கேட்ட வேறு சில கேள்விகள்

லோடோடு போகும்போது வழியில் சூடேறிவிட்டால் என்ன செய்வது?

முள் சிவப்பைத் தொட்டால் 'இன்னும் கொஞ்ச தூரம்' என்று நினைக்காமல் ஓரங்கட்டி இன்ஜினை அணையுங்கள். மூடியைத் தொடாதீர்கள், குறைந்தது முக்கால் மணி நேரம் ஆறட்டும். மேல் ஹோஸைத் தொட்டால் கை பொறுக்கும் சூடு வந்த பிறகு, துணியைப் போட்டு மெல்லத் திறந்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். கொதிக்கும் இன்ஜினில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் ஹெட் விரிசல் விடும். சும்மா சொட்டுகிற வண்டியென்றால் மட்டும் பக்கத்து ஒர்க் ஷாப் வரை மெதுவாக ஓட்டலாம். ஊற்ற ஊற்ற ஓடிவிடுகிறது என்றால் கட்டி இழுத்துத்தான் போக வேண்டும்.

நம் ஊரில் பனியே உறைவதில்லை. கூலன்ட் எதற்கு? தண்ணீர் போதாதா?

உறையாமல் இருப்பது அதன் ஒரு வேலைதான். துரு பிடிக்காமல் காப்பதும், கொதிநிலையை உயர்த்துவதும் நமக்கு முக்கியமானவை. பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட், மூடி போடாமலே சுமார் 107 டிகிரியில்தான் கொதிக்கும். வழியில் அவசரத்துக்குத் தண்ணீர் ஊற்றலாம். ஊர் வந்ததும் மாற்றிவிடுங்கள்.

மஞ்சள் தூள் போட்டால் ஒழுகல் நிற்கும் என்கிறார்களே?

ரேடியேட்டரின் ஊசித் துளையை அது கொஞ்ச நேரம் அடைக்கலாம். சுழலும் பம்பின் சீலை எந்தத் தூளும் அடைக்காது. ரேடியேட்டரின் நல்ல குழாய்களைத்தான் அடைக்கும். கடையில் விற்கும் ஒழுகல் அடைப்பான் பவுடருக்கும் இதே பதில்தான்.

வண்டி சூடாகிறது என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டார் மெக்கானிக். சரிதானா?

சரியில்லை. தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் இன்ஜின் வேலைக்கான சூட்டுக்கு வருவதற்கே நேரமாகும். டீசல் அதிகம் குடிக்கும், தேய்மானமும் கூடும். சூடேறுவதற்கு உண்மையான காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்துவிட்டு, புதுத் தெர்மோஸ்டாட் போடுங்கள்.

பச்சைக் கூலன்ட் இருந்த வண்டியில் சிவப்பு ஊற்றலாமா?

நிறம் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும் சாயம்தான். நிறம் ஒன்றாக இருப்பதால் உள்ளே இருக்கும் மருந்தும் ஒன்று என்று சொல்ல முடியாது. வேறு வகை ஊற்றுவதென்றால் பழையதை முழுக்க வடித்து, சுத்தத் தண்ணீரால் அலசிவிட்டு ஊற்றுங்கள். வண்டி மேனுவலில் சொன்ன வகையே நல்லது.